ஒரு நாள் முந்திப் பிறந்தவர்கள்

டேய் செந்தில்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, திட்டாதே. மகள் கணினி அறிவியலில் சேர்ந்துவிட்டாளாமே, சந்தோஷம். அவளிடம் சொல்ல ஒரு கதை இருக்கிறது, மானம் போன கதை.

ஒரு வாடிக்கையாளருக்கு உறுப்பினர் பதிவுப் படிவம் செய்து கொடுத்திருந்தோம். போன வாரம் ஒரு அம்மா போன் செய்து, "தம்பி, எனக்கு இன்னைக்குத்தான் பிறந்த நாள், உங்க வாழ்த்து நேத்தே வந்துடுச்சே" என்றார். தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் அவர் மட்டுமில்லை, ஒரு மாதமாகப் பதிந்த அத்தனை பேரும் ஒரு நாள் முந்திப் பிறந்திருக்கிறார்கள்.

கோளாறு நிரலில் நான் மாற்றிய ஒரே வரியில். ஒருவர் மார்ச் 5 என்று தேர்ந்தெடுத்தால், எங்கள் படிவம் அதை நம்மூர் நேரப்படி மார்ச் 5 நள்ளிரவு 12 மணி என்று, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'டேட்' எனப்படும், தேதியும் நேரமும் சேர்ந்த வடிவில் வைத்துக்கொள்கிறது. நான் அதற்கு டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (தேதியை எழுத்தாக மாற்றித் தரும் கட்டளை) போட்டு, முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டிச் சேமித்தேன். அதுவோ எதையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றித்தான் எழுதும், ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் மார்ச் 4, 18:30. வெட்டியதில் மணி போய்விட்டது, 4 மட்டும் தங்கிவிட்டது. குளிர்காலத் தேதியை வைத்து லண்டனில் சோதித்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது, அங்கே அப்போது உள்ளூர் நேரமும் யுடிசியும் ஒரே நேரம். உங்கள் நியூஜெர்சியில் கூத்து தலைகீழ்: 2024-03-05 என்று எழுத்தாகக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொண்டு, உங்களுக்கு 4ஆம் தேதி இரவு என்று காட்டும். நமக்குக் காலை 5:30, நாள் மாறாது, அதனால் இங்கே இருப்பவன் கவனிக்கவே மாட்டான்.

யோசித்துப் பார், பிறந்த நாளுக்கு மணி எதற்கு? ஜோசியருக்குத்தான் வேண்டும். இப்போது ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் வெறும் தேதியாகவே, தரவுத்தளத்தில் மணி இல்லாமல் தேதியை மட்டும் வைக்கும் டேட் வகை நெடுவரிசையில் போடுகிறோம், நேரமண்டலம் பக்கமே போவதில்லை. பழைய பதிவுகளைத் திருத்தியதுதான் பெரிய பாடு. எல்லாவற்றுக்கும் ஒரு நாள் கூட்டவும் முடியாது, அந்த மாற்றத்துக்கு முன் பதிந்தவை சரியாகத்தானே இருந்தன.

மகள் ஜாவா மொழியில் நிரல் எழுதினால் இதையும் சொல்லிவை: தேதியை அச்சிடும் வடிவத்தில் வருடத்துக்குச் சின்ன ஒய் நாலு (yyyy). பெரிய ஒய் (YYYY) போட்டால் அது வாரக் கணக்கு வருடம், அதாவது அந்த வாரம் எந்த வருடத்தின் கணக்கில் வருகிறதோ அது, 2024 டிசம்பர் 31ஐ 2025 டிசம்பர் 31 என்று அச்சடித்துவிடும்.

அப்புறம், 04/05 அன்று ஊருக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அங்கே போய் இருபது வருஷமாகிவிட்ட ஆள் நீ. ஏப்ரல் 5ஆ, மே 4ஆ? மாதத்தை எழுத்தில் எழுது, லீவு போட வேண்டும்.

உன்,
குமார்