உள்ளூர் அணிகளின் ஜெர்சிகளை இனி முன்பதிவின் பேரில் தைப்பது குறித்து

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உள்ளூர் கால்பந்து அணிகளின் ஜெர்சிகளும் கொடிகளும் இந்தப் பருவத்தில் எங்கள் அலமாரிகளில் குறைந்திருப்பதைக் கண்டு, அந்த அணிகளைக் கைவிட்டுவிட்டோமோ என்று உங்களில் பலர் வருத்தத்துடன் கேட்டீர்கள். கைவிடவில்லை. மைதானத்துக்கு வருவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைவதால், மொத்தமாகத் தைத்து வைத்தவை பருவம் முடிந்த பிறகும் தேங்கிவிடுகின்றன. ஆகவே பெரியவர்களுக்கான ஜெர்சிகளை இனி முன்பதிவு செய்வோருக்கு மட்டும் தைத்துத் தர முடிவு செய்திருக்கிறோம். கூட்டம் ஏன் குறைகிறது என்பது பற்றி, வாங்க வருவோரிடமும் வாங்குவதை நிறுத்திவிட்டவர்களிடமும் பேசி நாங்கள் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

எல்லோரும் முதலில் சொல்வது தொலைக்காட்சியைத்தான். உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடும் அதே நேரத்தில் உள்ளூர் ஆட்டமும் நடந்தால், எளிய அணிதான் இழக்கும். இங்கிலாந்தில் 1960-களிலேயே இதை உணர்ந்து, சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலை கூடாது என்று விதி செய்தார்கள். சிறிய அணிகளின் நுழைவுச்சீட்டு வருமானத்தைக் காப்பதே அதன் நோக்கம்.

ஆயினும் முழுப் பழியையும் தொலைக்காட்சியின் மேல் போடுவது நியாயமாகாது. அதே இங்கிலாந்தில் 1948-49 பருவத்தில் லீக் ஆட்டங்களுக்கு 4 கோடிக்கும் மேற்பட்ட முறை மக்கள் வந்தார்கள்; 1985-86இல் அது சுமார் 1 கோடியே 65 லட்சமாகச் சரிந்தது. லீக் ஆட்டங்களின் தொடர்ச்சியான நேரலை அங்கே 1983இல்தான் தொடங்கியது என்பதால், சரிவின் பெரும்பகுதி அதற்கு முன்பே நடந்துவிட்டது. பாழடைந்த பார்வையாளர் மேடைகளும் ரசிகர்களின் அடிதடியும் குடும்பங்களை விரட்டியிருந்தன. ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் ரசிகர்கள் பலர் இறந்ததை விசாரித்து 1990இல் வெளியான டெய்லர் அறிக்கைக்குப் பின் இருக்கைகள் சீரமைக்கப்பட்டபோது, நேரலைகள் பெருகிய அதே ஆண்டுகளில் கூட்டமும் திரும்பி வந்தது.

எங்களிடம் வருவோர் சொல்வதும் இதைத்தான். பருவந்தோறும் தமக்கும் மகளுக்குமாக இரண்டு ஜெர்சி வாங்கிவந்த ஒருவர் அதை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம், மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதே. ஆட்டம் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எங்களை அதிகம் வருத்துவது, ஆட்டம் எப்போது நடக்கிறது என்றே ரசிகருக்குத் தெரியாமல் போவதுதான். மைதானத்துக்குப் போவது ஒரு பழக்கம்; அது குறித்த கிழமை, குறித்த நேரம், பக்கத்தில் வழக்கமாக நிற்கும் அதே மனிதர் என்று சிறுகச் சிறுக வேரூன்றுவது. அட்டவணை கடைசி நேரத்தில் மாறி, வந்தவர் பூட்டிய வாயிலைப் பார்த்துத் திரும்பும் நிலை இரண்டு முறை நேர்ந்தால், மூன்றாம் முறை அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. அவர் வராதபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளையும் வருவதில்லை. ஆட்டக்காரர்கள் பருவத்துக்கு ஒரு அணியென மாறுவதும், முதுகில் பெயர் பொறித்த ஜெர்சியை வாங்கத் தயங்கவைக்கிறது.

நேரத்தைச் சரியாகத் தேர்ந்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காகப் பெரிய லீக்குகள் ஓய்ந்திருக்கும் வார இறுதியில், சிறிய அணிகளின் மைதானத்துக்கு ரசிகர்களை அழைக்கும் நாள் ஒன்று இங்கிலாந்தில் 2010 முதல் கொண்டாடப்படுகிறது.

எங்களால் இயன்றதாக, உறுதிசெய்யப்பட்ட ஆட்ட நேரங்களை அச்சிட்டு ஒவ்வொரு பொட்டலத்துடனும் வைக்கப் போகிறோம். அணி நிர்வாகிகள் நேர மாற்றங்களை முன்கூட்டியே எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். முன்பதிவு ஒரு ஜெர்சிக்கானாலும் ஏற்றுக்கொள்வோம். சிறுவர் சிறுமியர் அளவுகளை மட்டும் விற்பனை குறைந்தாலும் அலமாரியில் எப்போதும் வைத்திருப்போம்.

தங்கள் அன்புள்ள,
கடை நிர்வாகத்தினர்