பேரனுக்குச் சொல்ல ஒரு டென்மார்க் கதை

தூத்துக்குடி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இங்கே எல்லோரும் நலம். மாடிப்படி ஏறும்போது மட்டும் நாமும் ஒரு காலத்தில் பந்து விளையாடியவர்கள் என்று முழங்கால் ஞாபகப்படுத்துகிறது.

பேரனைப் பள்ளி அணியில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள், சரியாகச் சாப்பிடவில்லை, அவனுக்குச் சொல்ல ஏதாவது கதை இருந்தால் எழுது என்று கேட்டிருந்தாய். எனக்கு ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டியான 1992 யூரோ கோப்பைதான் நினைவுக்கு வந்தது. எட்டே அணிகள் ஆடிய காலம். தகுதிச் சுற்றில் யூகோஸ்லாவியா 14 புள்ளி, டென்மார்க் 13. ஒரு புள்ளியில் போச்சு. அதற்குள் பால்கனில் போர் முற்றி ஐ.நா. தடை வந்தது. போட்டி நடக்கவிருந்த ஸ்வீடனுக்கே வந்து இறங்கிவிட்ட யூகோஸ்லாவியாவைத் திருப்பி அனுப்பினார்கள். போட்டி தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது டென்மார்க்குக்கு அழைப்பு.

கடற்கரையில் படுத்துக் கிடந்தவர்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அது கொஞ்சம் அளப்புதான். பயிற்சியாளர் மோல்லர் நீல்சன் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்க இருந்தார் என்பது மட்டும் அவர் வாயாலேயே வந்தது. பெரிய ஆட்டக்காரரான மைக்கேல் லாட்ரூப் அவரோடு ஒத்துப்போகாமல் முன்பே விலகியிருந்தார். இங்கிலாந்தோடு கோலில்லாத டிரா, ஸ்வீடனிடம் தோல்வி. பிறகு பிரான்ஸை 2-1 என்று வென்று தப்பினார்கள். அரையிறுதியில் நெதர்லாந்தோடு பெனால்டி. நெதர்லாந்தின் வான் பாஸ்டன் அடித்ததை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்தார். இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 2-0.

ஆட்டம் அழகு என்று சொல்லமாட்டேன். முன்னிலை கிடைத்ததும் பந்தை ஷ்மைக்கேலிடம் திருப்பித் தட்டுவார்கள், அவர் கையில் எடுத்து வைத்துக்கொள்வார். அந்தக் கோடையிலேயே அதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது.

என் மனதில் நிற்பது டென்மார்க் ஆட்டக்காரர் கிம் வில்ஃபோர்ட்தான். அவர் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். பிரான்ஸ் ஆட்டத்தை விட்டுவிட்டு மகளிடம் ஓடினார்; வீட்டாரே போகச் சொல்லித் திரும்பி வந்தார். இறுதி ஆட்டத்தின் இரண்டாவது கோல் அவருடையது. பந்து கையில் பட்டது என்று ஒரு சர்ச்சை உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். சில வாரங்களில் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. இதைப் பேரனிடம் இப்போது சொல்லாதே.

இன்னொன்று. தகுதிச் சுற்றில் பத்து கோல் அடித்த பான்செவ் யூகோஸ்லாவியாக்காரர். அந்த ஜூனில் அவர் எங்கே உட்கார்ந்து அந்த ஆட்டங்களைப் பார்த்திருப்பார்? பார்த்திருப்பாரா?

நம் கல்லூரி அணியில் கோல்கீப்பருக்கு மஞ்சள்காமாலை வந்ததால்தான் நீ உள்ளே வந்தாய், மறந்துவிடாதே. முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் வாங்கினாய். பேரனிடம் அதையும் சொல், சிரித்தாலாவது சாப்பிடுவான். அந்தக் கோல்கீப்பரை ஆஸ்பத்திரியில் போய் நாம் பார்த்தோமா, சேகர்? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. உனக்கு இருந்தால் எழுது.

அப்புறம், மார்கழியில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
முத்து