மாதிரி ஹெலிகாப்டருக்கு முன்னால் சிமுலேட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்கியதும் ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டர் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்பதும், கடையில் இருப்பவற்றுள் பெரியதும் அசல்போல் தோன்றுவதுமான ஒன்றைப் பெற்றோர் வாங்கித் தருவதும் வழக்கமாகிவிட்டன. பல ஆண்டுகளாக இவற்றைப் பறக்கவிட்டு வருபவன் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: ஹெலிகாப்டருக்குப் பணம் கொடுக்கும் முன்பே, கணினியில் பழகுவதற்கான சிமுலேட்டரையும் அதனுடன் இணைக்கத்தக்க டிரான்ஸ்மிட்டரையும் (ஹெலிகாப்டரை இயக்கக் கையில் பிடிக்கும் கருவி) வாங்கிவிட வேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு விசிறிகளைக் கொண்ட சிறிய வகை, விசையிலிருந்து கையை எடுத்தாலும் ஏறத்தாழ அதே இடத்தில் மிதக்கும். வீட்டுக் கூடத்துக்கு அது போதும். அதில் கிடைத்த துணிச்சலோடு, மேலே ஒற்றை விசிறியும் பின்னால் வால் விசிறியும் உள்ள, பிளேடுகளின் கோணத்தை மாற்றி ஏற்றி இறக்கும் கலெக்டிவ் பிட்ச் வகைக்குத் தாவும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மேலெழுப்புவதற்காகப் பிளேடுகளின் கோணத்தைக் கூட்டினால் முறுக்குவிசையும் கூடி மூக்கைத் திருப்பப் பார்க்கும். அதை வால் விசிறியின் கைரோ (திரும்புவதை உணர்ந்து தானே திருத்தும் கருவி) கவனித்துக்கொண்டாலும், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹெலிகாப்டர் நழுவும். அதிகம் சாய்ந்தால் உயரமும் இறங்கும். ஆகவே இரண்டு கைகளும் ஓயாமல் சிறுசிறு திருத்தங்களைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். இதைவிடக் கடினம், மூக்கு நம்மை நோக்கித் திரும்பும் தருணம். அப்போது இடமும் வலமும் மாறிவிடுவதால், யோசித்துத் திருத்துவதற்குள் ஹெலிகாப்டர் தரையில் கிடக்கும். யோசிக்காமலே விரல்கள் சரியாக நகரும் பழக்கம் திரையில் நூறு முறை விழுந்து எழுந்தால்தான் வரும். அங்கே விழுந்தால் செலவு ஏதுமில்லை. வெளியே ஒருமுறை விழுந்தால் பிளேடுகளோடு, விசிறியைச் சுழற்றும் தண்டான மெயின் ஷாஃப்டும் பற்சக்கரமும் சேர்ந்தே போகும். தானே சமநிலைக்குத் திரும்பும் வசதியுடன் இப்போது சில மாடல்கள் வருகின்றன. அவை நல்லவைதான், ஆனால் காற்றின் போக்கில் நகர்ந்துசெல்லும் ஹெலிகாப்டரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு நம் விரல்களுடையதே.

செலவைவிடப் பெரிது பாதுகாப்பு. 450 எனப்படும் நடுத்தர அளவில் விசிறியின் விட்டம் சுமார் 70 செ.மீ.; அது நிமிடத்துக்கு 2,500 முறை சுழன்றால் பிளேடின் முனை மணிக்கு 300 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் செல்லும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், தாம் பறக்கவிட்ட மாதிரி ஹெலிகாப்டர் தாக்கி 19 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் அனுபவமுள்ளவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இத்தகைய ஹெலிகாப்டரை மொட்டை மாடியிலும் தெருமுனையிலும் பழகுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

திரையில் கை பழகிய பின், தரையிறங்கு கால்களின் அடியில் குறுக்காக, கவிழாமல் தாங்கும் பயிற்சிக் கம்பிகளைக் கட்டி, வாலை நம் பக்கமாக வைத்து, வழவழப்பான சிமெண்டுத் தரையில் தொடங்குவது நல்லது. புல் வேண்டாம், கம்பி சிக்கினால் கவிழ்ந்துவிடும். ஐந்தாறு மீட்டராவது தள்ளி நின்று, தரையை ஒட்டிச் சறுக்கவிட்டு, மூக்கை நேராக நிறுத்தக் கற்ற பிறகே மேலே எழுப்ப வேண்டும். கட்டுப்பாடு போனதென்று தெரிந்த கணமே மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு விசையைத் தட்டவும் விரலைப் பழக்க வேண்டும். தப்பிக்க முயன்று விசிறியை ஓடவிடுவதுதான் சேதத்தைப் பெருக்குகிறது.

இந்த ஹெலிகாப்டர்களையும் உள்ளடக்கும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், 2 கிலோ வரையிலான எடையுள்ளவற்றை வணிக நோக்கமின்றிப் பறக்கவிடுவோருக்கு விமானிச் சான்றிதழ் கேட்பதில்லை. எனவே கற்பிக்கும் கடமை கடைகளுக்கே வருகிறது. கலெக்டிவ் பிட்ச் வகையைக் கேட்டு வரும் புதியவரிடம் சிமுலேட்டரில் பழகியிருக்கிறாரா என்று விற்பவர் கேட்கட்டும். மாநகராட்சிகளும் தம் விளையாட்டுத் திடல்களில் ஒன்றை, காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில், நடைப்பயிற்சியாளர்கள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் வேலியடைத்து ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்