கைப்பைக்கும் காப்பீடு வேண்டும்: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருச்சியில் விமான டிக்கெட், விசா, பயணக் காப்பீடு எல்லாம் ஏற்பாடு செய்து தருவது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறும் பெற்றோர். அவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். பயணக் காப்பீட்டில் 'உடைமை இழப்பு' என்று ஒரு பகுதி விற்கிறார்களே, அது பயணிகள் உண்மையிலேயே பறிகொடுக்கும் பொருட்களுக்கு உதவ வேண்டும்.

இன்று பல பாலிசிகளில் அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள். விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டி மொத்தமாகத் தொலைந்தால்தான் பணம். பூட்டை உடைத்து நாலு பொருளை எடுத்துவிட்டுப் பெட்டியை அனுப்பிவைத்தால், அது பகுதி இழப்பாம், ஒன்றும் கிடையாது. பெட்டியே போனாலும் நகை, கேமரா, லேப்டாப் போன்றவை விலக்குப் பட்டியலில் இருக்கும். பெட்டிக்கு இவ்வளவு, பொருளுக்கு இவ்வளவு என்று உள்வரம்பு வேறு.

சரி, விலை உயர்ந்ததைக் கையோடு கொண்டுபோகலாம் என்றால், விமான நிறுவனங்களும் அதைத்தான் சொல்கின்றன. பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி ஆகியவற்றைப் பெட்டியில் போடவே கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஆனால் கைப்பை களவுபோனால் அதே பாலிசி, "செக்-இன் செய்த பெட்டிக்கு மட்டும்தான்" என்கிறது. பெட்டியில் வைத்தால் விலை உயர்ந்த பொருள் என்று தள்ளுகிறார்கள், கையில் வைத்தால் கைப்பை என்று தள்ளுகிறார்கள். பயணி எங்கேதான் வைப்பார்?

என் வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை. மிலானில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர், கணவரோடு ரோம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப டெர்மினி நிலையத்தில் ரயில் ஏறினார். கணவர் பெட்டியை மேலே தூக்கி வைத்துத் திரும்புவதற்குள் இருக்கையில் இருந்த கைப்பை போய்விட்டது. நிலைய இரைச்சல் தாங்காமல் இரண்டு காது மெஷின்களையும் கழற்றி, அதன் டப்பாவில் போட்டு அந்தப் பைக்குள் வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி, செல்போன், பாஸ்போர்ட், சர்க்கரை மாத்திரை எல்லாம் அதிலேயே. போலீஸில் புகார் கொடுத்து, இத்தாலிய மொழியில் தந்த நகலையும் வாங்கிவந்தார்கள். பாஸ்போர்ட் எடுத்த கட்டணம் மட்டும் கிடைத்தது. மற்றதற்கெல்லாம் ஒரே வரியில் மறுப்பு. மீதி நாட்களை அந்த அம்மா பேரன் பேச்சு காதில் விழாமலேயே கழித்தார். வயதானவர்களுக்குக் காது மெஷினும் கண்ணாடியும் ஆடம்பரப் பொருள் இல்லை, ஐயா.

விமான நிறுவனத்திடம் கேட்கலாமே என்பீர்கள். பன்னாட்டு விமானப் பயணத்தில் நேரும் இழப்புக்கு விமான நிறுவனம் எவ்வளவு பொறுப்பு என்று சொல்லும் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் 2009இல் இந்தியாவும் சேர்ந்தது. அதன்படி உடைமைக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். பெட்டி 21 நாளில் வராவிட்டால் தொலைந்ததாகக் கொள்ளலாம். ஆனால் கைப்பை என்று வந்தால், விமான நிறுவனத்தின் தவறு என்று காட்ட வேண்டும். ரயில் நிலையத்தில் போனதற்கு அதுவும் இல்லை. அங்கேதான் காப்பீடு வந்து நிற்க வேண்டும்.

உங்களால் முடியாதது இல்லை. மருத்துவத்துக்கு 2020இல் ஆரோக்ய சஞ்சீவனி, வீட்டுக்கு 2021இல் பாரத் கிருஹ ரக்ஷா என்று எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் பாலிசிகளைக் கொண்டுவந்தீர்கள். இரண்டாவதில் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்குப் பட்டியல் கொடுக்காமலேயே பாதுகாப்பு உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குக் காட்டிய அந்த நம்பிக்கையைப் பயணியின் கைப்பைக்கும் காட்டுங்கள். உள்ளூர் போலீஸ் புகார் இருந்தால், ஒரு குறிப்பிட்ட தொகை வரை கைப்பைக்கும் இழப்பீடு என்று விதியுங்கள். பொய் க்ளெய்ம் வரும் என்று நிறுவனங்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அதற்காகத்தான் தொகைக்கு வரம்பு. கூடுதல் பிரீமியம் ஆகும் என்றால் சொல்லட்டும், விருப்பப்பட்டவர்கள் கட்டுவார்கள். என் அனுபவத்தில் பாதிப் பேராவது கட்டுவார்கள்.

பில் விஷயமும் இருக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் எடுத்துக்கொடுத்த பட்டுப்புடவைக்கு யார் பில் பத்திரப்படுத்துவார்கள்? கிளம்பும் முன் எடுத்த புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், நகை மதிப்பீட்டாளர் தந்த சான்று இவற்றையும் ஆதாரமாக ஏற்கச் சொல்லுங்கள்.

பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கத் தாளாகத் தரவேண்டும் என்று ஏற்கெனவே விதித்திருக்கிறீர்கள். புதிய பாலிசி வரும்வரை, அந்தத் தாளின் தலைப்பிலேயே 'கைப்பையில் உள்ள பொருட்களுக்கு இழப்பீடு இல்லை' என்று கொட்டை எழுத்தில், தமிழில், அச்சிட உத்தரவிடுங்கள். நாற்பது பக்க ஆங்கிலத்தின் நடுவில் இருப்பதை எழுபது வயதுக்காரர் கவுண்டரில் நின்று தேட முடியாது. நான் வாயால் சொல்கிறேன். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு யார் சொல்வது?

ஏப்ரல் பிறந்தால் பெற்றோர்கள் கிளம்பத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் ஒரு வரைவாவது வெளியிட்டுக் கருத்துக் கேளுங்கள். என் வாடிக்கையாளர்களுக்கு வந்த மறுப்புக் கடிதங்களை, அவர்கள் அனுமதியோடு, பெயர்களை நீக்கி அனுப்பிவைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு பயண முகவர்