ஆஸ்டினைக் கைவிடக் கூடாது

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் பார்முலா ஒன் கார் பந்தயத்துக்கு ஏற்ற களம் எது என்று கேட்டால், தயங்காமல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் என்பேன். 1961 முதல் 1980 வரை நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் களம் அந்தப் பெருமையைச் சுமந்தது. பிறகு லாஸ் வேகஸில் ஒரு ஹோட்டலின் வாகன நிறுத்துமிடத்தில்கூட ஓட்டிப் பார்த்தார்கள். இண்டியானபொலிஸில் 2005-ல் டயர் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடிய அவலத்தை எந்த ரசிகர் மறப்பார்?

2012-ல் திறக்கப்பட்ட ஆஸ்டின் களமோ இந்தப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டது. புறப்பட்டதுமே செங்குத்தான ஏற்றம். உச்சியில் அகன்ற இடது வளைவு. துணிந்தவர் முந்த அங்கே இடமிருக்கிறது. 2023-ல் பந்தயம் லாஸ் வேகஸுக்குத் திரும்பியபோதோ, தெருவில் பதித்திருந்த குழி மூடி பெயர்ந்து காரின் அடிப்பாகத்தைப் பிளக்க, முதல் பயிற்சி சில நிமிடங்களிலேயே நின்றது. வேகஸின் வண்ண விளக்குகளுக்காக ஆஸ்டினை ஓரங்கட்டிவிட வேண்டாம்.

– ஒரு வாசகர்