மூலமும் காரமும்

துறையூர்
12.7.2025

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து பதினேழு நாள் ஆகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியாதே, தலைக்குக் குளிக்காதே, போனைத் தொடாதே என்று வீட்டில் ஆயிரம் கட்டளை. இப்போது உன் கையெழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது, அது எவ்வளவு கோணல் என்பதும் சேர்த்துத் தெரிகிறது. தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிற இரண்டு கிழவர்களுக்குத் தபால்தலை எதற்கு என்று என் மருமகள் கேட்கிறாள். தபாலில் போனால்தான் அவன் கடைசி வரி வரைக்கும் படிப்பான் என்று சொல்லியிருக்கிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. மணி அடிக்காத காலைப்பொழுதுக்கு இன்னும் பழகவில்லை. ஒன்பதரை ஆனால் கை தானாகச் சாக்பீஸ் தேடுகிறது. நல்லவேளையாக எதிர்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ்வழி. அப்பா அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். வீட்டுக்கு ஒரே ஒரு நல்ல போன், அது அப்பாவோடு வயலுக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பி வரும். எட்டிலிருந்து பத்து வரைக்கும்தான் அவளுக்கு இன்டர்நெட். அதிலும் தம்பிக்குக் கிரிக்கெட் போக மிச்சம்.

போன வாரம் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பியூரெட்டில் எந்த இடத்தில் திருகை மூட வேண்டும், பினாப்தலீன் எப்போது நிறம் மாறும் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் மனசில் நிற்கும் என்றாள். நியாயம்தான். அவள் பள்ளிக்கூடத்தில் நாற்பது பேருக்கு ஆறு பியூரெட். அமிலத்தையும் காரத்தையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு கண்டுபிடிக்கிற இந்தச் சோதனைக்கு இங்கே பெயர் "தரம் பார்த்தல்". அதைத் தமிழில் போட்டுத் தேடியிருக்கிறாள். தங்கத்தின் தரம் பார்ப்பது எப்படி, விதைநெல் தரம் பார்ப்பது எப்படி என்று வந்ததாம். ஆங்கிலத்தில் போட்டால் கொட்டுகிறது, ஆனால் அந்த ஆள் பேசுகிற வேகத்தில் மூன்று முறை நிறுத்தினால்தான் ஒரு வாக்கியம் பிடிபடுகிறது. இரண்டு மணி நேர இன்டர்நெட்டில் அதற்கு ஏது நேரம்?

அப்போதுதான் உங்கள் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவருடைய உயர்தர வகுப்பு (எங்கள் ப்ளஸ் டூ மாதிரி) பாடம் எனக்குத் தட்டுப்பட்டது. கோவிட் காலத்தில் எடுத்தது போலிருக்கிறது. அருமையாக நடத்துகிறார். குடுவையைச் சுழற்றுகிற கையைக்கூடக் கிட்டத்தில் காட்டுகிறார். அதை அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் குழம்பிப்போய் வந்து நிற்கிறாள்.

"சார், இவர் அமில மூல நியமிப்புங்கிறார். மூலத்துக்கும் கெமிஸ்ட்ரிக்கும் என்ன சம்பந்தம்? நியமிப்புன்னா யாரை வேலைக்குப் போடுறாங்க?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. 1984, திருச்சி, முதல் வருஷ லேப். நீ வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டெமான்ஸ்ட்ரேட்டரிடம் போய், "சேர், மூலத்தை எங்கை வச்சிருக்கிறியள்?" என்று கேட்டாய். லேப் மொத்தமும் சிரித்தது, நானும்தான் சிரித்தேன். ஊரில் நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவன், சிரிக்கிற முகங்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பாய் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ. மூன்றாம் நாள் மெஸ்ஸில் உட்காரவைத்து, உங்கள் ஊரில் மூலம் என்றால் இங்கே காரம், நாங்கள் மூலம் என்று சொல்கிற வியாதி வேறு என்று நீயே விளக்கினாய். நாற்பத்தொரு வருஷம் தாமதமாக ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன், எடுத்துக்கொள்.

அந்த மெஸ் பாடத்தை இந்தப் பெண்ணுக்கு அப்படியே நடத்தினேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு கிழித்தாள். இந்தப் பக்கம் தனிமம், அந்தப் பக்கம் மூலகம். தரம் பார்த்தலுக்கு எதிரே நியமிப்பு. சேர்மத்துக்கு எதிரே சேர்வை, வினையூக்கிக்கு எதிரே ஊக்கி, எலக்ட்ரானுக்கு எதிரே இலத்திரன், கார்பன் டை ஆக்சைடுக்கு எதிரே காபனீரொட்சைட்டு. மொத்தம் இருபத்திரண்டு சொல். பத்து நிமிஷம் ஆனது. அன்றிரவு அந்தப் பாடத்தை முழுக்கப் பார்த்துவிட்டாள். இப்போது அவரைத்தான் "என் யாழ்ப்பாணத்து சார்" என்கிறாள். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

சிவா, முப்பது வருஷமாக நானும் எல்லோரையும் போல, தமிழில் அறிவியல் இல்லை, யாரும் எழுதவில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். அதில் பாதிதான் உண்மை என்று இப்போது படுகிறது. இருப்பது இருக்கிறது. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. மூச்சு விடுகிற காற்றையே எடுத்துக்கொள். எங்கள் பாடப்புத்தகத்தில் ஆக்சிஜன், உங்களுடையதில் ஒட்சிசன். கிரந்தம் வேண்டாம் என்பவருக்கு ஆக்சிசன், தனித்தமிழ் அன்பருக்கு உயிர்வளி, என் அம்மாவுக்குப் பிராணவாயு. ஒரு வாயுவுக்கு ஐந்து வாசல், ஒரு வாசலில் நிற்கிறவனுக்கு மற்ற நான்கும் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் தேடுகிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவனுக்கு ஒரே சொல், அதன் பின்னால் ஏறக்குறைய எழுபது லட்சம் கட்டுரைகள் உள்ள விக்கிப்பீடியா. நம்முடையதில் ஒன்றரை லட்சத்துக்கு மேலே. அதுவே சும்மா வந்ததில்லை. 2003இல் அதைக் கட்டத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் உங்கள் மண்ணின் மயூரநாதன். கட்டடக் கலைஞர், அரபு நாட்டில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதிய மனிதர்.

எந்தச் சொல் சரி என்று அந்த விக்கிப்பீடியாவிலேயே பக்கம் பக்கமாகச் சண்டை நடந்திருக்கிறது. பேச்சுப் பக்கங்களைப் படித்தால் நம் ஹாஸ்டல் விவாதம் மாதிரியே இருக்கும், கெட்ட வார்த்தை மட்டும் கிடையாது. ஆனால் சண்டைக்கு நடுவே யாரோ ஒரு நல்ல காரியம் செய்துவைத்திருக்கிறார்கள். வழிமாற்று என்று ஒன்று. நீ ஒட்சிசன் என்று போட்டாலும் ஆக்சிசன் பக்கத்தில் கொண்டுபோய் விடும். ஒரே வரி, ஒரு நிமிஷ வேலை. கண் ஆபரேஷனுக்கு முன்பு வரைக்கும் நான் காலையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நம் இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல் இல்லாத சொல்லுக்கு ஒரு வாசல். கலைச்சொல்லை ஒன்றாக்க ஒரு குழு போட வேண்டும் என்று நம் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். குழு போட்டு, கூட்டம் போட்டு, வடை சாப்பிட்டு, அறிக்கை வருவதற்குள் இந்தப் பெண் பேத்தி எடுத்துவிடுவாள். இரண்டு சொல்லும் இருந்துவிட்டுப் போகட்டுமே. எழுதுகிறவன் முதல் வரியில் இரண்டையும் போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே, இனி எதற்கு இதெல்லாம் என்று நீ போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நானும் சோதித்துப் பார்த்தேன். சாதாரணப் பேச்சென்றால் நன்றாகவே செய்கிறது, மறுக்கவில்லை. செய்தி, மருந்துச் சீட்டு, பஸ் அறிவிப்பு எல்லாம் சரி. ஒரு ஆங்கில லேப் குறிப்பைக் கொடுத்தபோது, "அமிலத் தீர்வை அடிப்படையில் துளித்துளியாகச் சேர்க்கவும்" என்று எழுதிக் கொடுத்தது. கரைசல் தீர்வாகிவிட்டது, காரம் அடிப்படையாகிவிட்டது. கொஞ்சம் கீழே "ஒரு மச்சம் உப்பு" என்று இருந்தது. மோல்தான் மச்சமானது! அதைக் குறை சொல்லிப் பயனில்லை. சரியான சொல்லோடு நாம் எழுதிவைத்தது அதன் கண்ணில் போதுமான அளவு பட்டிருந்தால் அதுவும் கற்றுக்கொண்டிருக்கும்.

நம் பழைய எஸ்எம்எஸ் நினைவிருக்கிறதா? ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரு செய்தி, தமிழில் போட்டால் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. "வணக்கம்" என்ற ஐந்தெழுத்துக்கு ஏழு இடம் போய்விடும். வெளிநாட்டுக் கட்டணத்தில் எவன் தமிழில் அனுப்புவான்? அதனால்தான் நீயும் நானும் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தோம். கட்டணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் என் பழைய மாணவர்கள் குழுவில் மண் பரிசோதனை, கிணற்று நீர் உப்பு என்று எவ்வளவோ நல்ல விஷயம் பேசுகிறார்கள், எல்லாம் அந்த எழுத்தில். தமிழில் தேடுகிற ஒருவனுக்கு அது என்றைக்கும் அகப்படாது.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். உன் பாமினி எழுத்துரு.

இருபது வருஷமாக நீ தட்டச்சு செய்து வைத்திருக்கிற உயர்தர வேதியியல் குறிப்புகள், வினாக்கொத்து, விடைகள் எல்லாம் அந்தப் பழைய கணினியில் தூங்குகின்றன. போன டிசம்பரில் ஒன்று அனுப்பினாய் அல்லவா? என் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. திறந்தால் அம்மா இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. நம் கண்ணுக்கு எழுத்துருவைப் போட்டுத் தமிழாகக் காட்டிவிடலாம். தேடுபொறிக்கு அது கடைசி வரைக்கும் ஆங்கிலக் குப்பைதான். நீ அதை நெட்டில் ஏற்றினாலும் பூட்டிய பெட்டியை நடுத்தெருவில் வைத்த மாதிரி. மாற்றித் தருகிற கருவி இலவசமாகவே கிடைக்கிறது. ஒட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் எந்தக் கணினியும் தேடுபொறியும் படிக்கிற யூனிகோடு. சமன்பாடுகள் மட்டும் சிதறும், அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். கோப்புகளை எனக்கு அனுப்பிவிடு. சரிசெய்ய நானும் இருக்கிறேன், எதிர்வீட்டுப் பெண்ணும் ஆர்வமாக இருக்கிறாள். உன் சொல் ஒன்றையும் மாற்ற மாட்டோம். எங்கள் சொல்லைப் பக்கத்தில் அடைப்புக்குறியில் போடுவோம், அவ்வளவுதான்.

"இதை ஆரடா பார்க்கப்போறான்" என்று நீ சொல்வாய், தெரியும். மானிப்பாய்க்காரன் அப்படிச் சொல்லக் கூடாது. டாக்டர் கிறீன் கதையை எனக்குச் சொன்னவனே நீதான். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, உங்கள் ஊரில் தமிழில் மருத்துவம் கற்பித்து, உடற்கூறு முதல் இரண வைத்தியம் வரை தமிழில் கொண்டுவந்த மனிதர். அவரும் மாணவர்களும் சேர்ந்து 1875இல் அச்சுக்குக் கொண்டுவந்த வேதியியல் நூலுக்குப் பெயர் கெமிஸ்தம். வேதியியலா இரசாயனமா என்று நாம் இன்னும் முடிக்காத சண்டைக்குள் அவர்கள் நுழையவே இல்லை. காதில் விழுந்ததைத் தமிழாக்கி வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். (கிறீனா, கிரீனா என்றும் இரண்டு வாசல் வேண்டும், குறித்துக்கொண்டேன்.) 1981இல் உங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த கதையையும் ஹாஸ்டல் மொட்டைமாடியில்தான் சொன்னாய். அன்று நீ தொண்ணூறாயிரத்துக்கு மேல் புத்தகம் என்றபோது எனக்கு அது ஓர் எண். 2005இலிருந்து உங்கள் பிள்ளைகள் நூலகம் என்று பெயர் வைத்து ஒவ்வொரு பழைய தாளாக மின்வடிவில் ஏற்றிவருவதைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. அவர்களுக்கும் ஒரு பிரதி கொடு. ஒரே ஒரு கணினியில் வைத்திருக்காதே, சிவா. அந்தக் கணினிக்கும் நம் வயசாகிறது.

இங்கே எங்களுக்கும் ஒரு பழைய கையிருப்பு உண்டு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கல்லூரிப் பாடத்தையே தமிழில் நூற்றுக்கணக்கான புத்தகமாக அரசு போட்டது. ஒன்றை மின்னூலகம் ஒன்றிலிருந்து இறக்கினேன். பக்கம் பக்கமாகப் படம்தான். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற எழுத்துணரியில் போட்டால் இப்போது வியக்கும்படி வருகிறது, ஆனால் 1978க்கு முந்திய அச்சு, தும்பிக்கை வைத்த ணை, லை வந்தால் திணறுகிறது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் எனக்கு. இதுவரை முப்பத்தொரு பக்கம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. கணக்கு நீயே போட்டுக்கொள்.

வீட்டில் எல்லோரும் சுகம். மகன் செப்டம்பரில் வருகிறான். கீரிப்பட்டி மாமா போன மாதம் தவறிவிட்டார். நீ வந்தபோது உனக்குக் கருப்பட்டி கொடுத்தாரே, அவர்தான். ரதி எப்படி இருக்கிறாள்? முழங்கால் வலிக்கு இப்போதும் அதே எண்ணெய்தானா?

பென்டிரைவை யாராவது வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு. கூடவே புழுக்கொடியலும். அந்தப் பெண் உன்னிடம் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று இருக்கிறது, எனக்கும் விடை தெரியவில்லை. காரத்தை நீங்கள் மூலம் என்றால், அந்த வியாதிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?

உன்,
செல்வம்