மட்கார்டு உடைந்த கதை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் குடும்ப குரூப்பில் நீ போட்ட வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் போகவே இல்லை, எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்தது என்கிறார் அந்த ஆள். போனில் சொன்னால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன்னைக் குறை சொல்லவில்லை தம்பி. உன் தாத்தா கடைசிவரை நம்பவில்லை. நானும் ரொம்ப நாள் டீக்கடையில் அதையேதான் பேசிக்கொண்டிருந்தேன். காற்றே இல்லாத நிலாவில் அவர்கள் நட்ட கொடி எப்படி ஆடும் என்று கேட்டால் எவனும் வாய் திறக்க மாட்டான். பிறகுதான் தெரிந்தது, கொடியின் மேல் ஓரத்தில் குறுக்கே ஒரு கம்பி உண்டு. முதன்முதலில் நிலாவில் இறங்கிய அப்போலோ 11இல் போனவர்களால் அதை முழுசாக இழுத்து நீட்ட முடியவில்லை. துணி சுருங்கியபடியே நின்றுவிட்டது, அதுதான் ஆடுவது மாதிரி தெரிகிறது.

ஆனால் என் மனசை மாற்றியது கொடி இல்லை, புழுதி. 1972 ஏப்ரலில் அப்போலோ 16இல் போன ஜான் யங், நிலாவில் பேட்டரி வண்டி ஓட்டுகிற படம் இருக்கிறது. தேடிப் பார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். மண் ரோட்டில் முன்னால் ஒரு வண்டி போனால் புழுதி மேகமாகக் கிளம்பி, வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் அந்தரத்தில் தொங்கும். அது அடங்கட்டும் என்று ஓரங்கட்டி எத்தனை பீடி குடித்திருப்பேன்! அந்தப் படத்தில் சக்கரம் வாரியிறைக்கும் மண், கல்லை விட்டெறிந்த மாதிரி வளைந்து மேலே போய் அப்படியே கீழே விழுகிறது. மேகம் என்பதே கிடையாது. தாங்கிப் பிடிக்கக் காற்று வேண்டுமே. பூமியில் எடுத்த படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள் என்பார்கள்; அப்படி ஓட்டினால் மேகமும் மெதுவாகக் கிளம்பும், அவ்வளவுதான். வண்டி ஓடுகிற அளவுக்குக் கூடம் கட்டி, அதிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சியெடுப்பது யாருக்குக் கட்டுப்படியாகும்?

அதே வருஷம் டிசம்பரில் அப்போலோ 17. அதில் போன ஜீன் செர்னனின் சுத்தியல் மாட்டி வண்டியின் மட்கார்டு உடைந்துபோனது. மண் மழை மாதிரி தலையில் கொட்டியிருக்கிறது. அப்புறம் நான்கு மேப்பை டேப் போட்டு ஒட்டி, கிளாம்ப் வைத்து இறுக்கி ஓட்டினார்கள். நம் கிளீனர் பையன் செய்கிற வேலை! ஸ்டுடியோவாக இருந்தால் புதுசு மாட்டி மறுபடி எடுத்திருப்பான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அப்போலோ 11 நிலாவிலிருந்து அனுப்பிய படத்தைப் பதிந்த ஒரிஜினல் டேப்புகளை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டதாக 2009இல் நாசாவே சொன்னது. மகா அலட்சியம். ஆனால் டிரிப் ஷீட் தொலைந்ததால் லோடே போகவில்லை என்றாகுமா? ஆறு தடவை இறங்கி 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்திருக்கிறார்கள். ரஷ்யாக்காரன் ஆளில்லாமல் மூன்று கலங்களை அனுப்பி அள்ளியது மொத்தமாக அரைக் கிலோகூட இல்லை.

நம் பரமத்திப் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துக் கொட்டி, அதன் மேல்தான் சந்திரயானை இஸ்ரோ சோதித்தது. நாமக்கல்லுக்கே பெருமை என்று நீயும் ஸ்டேட்டஸ் வைத்தாய். அனார்த்தசைட் என்கிற அந்தப் பாறை நிலா மண் மாதிரியே இருக்கிறது என்று எதனோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள் என்று நினைக்கிறாய்? அப்போலோவில் போனவர்கள் நிலாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கல்லோடும் மண்ணோடும்தான்.

தீபாவளிக்கு வருவாய் அல்லவா, சித்தம்பூண்டிக்கு ஒரு நடை போய் வரலாம். என் டிவிஎஸ்ஸே போதும். மண் பாதையில் நான் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறேன். நீ பின்னால் திரும்பி உட்கார்ந்து புழுதியைப் பார்.

அன்புடன்,
அப்பா